பிடித்த படத்து மழை

செங்கமடையில் மூன்றாவது வருஷமும் மழை பொய்த்து, ஊருணியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்து, ஒன்பது நாளைக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் பதினாறு நாளைக்கு ஒரு முறை என்றாகி, ஆடுகள் கருவேலங்காயைத் தின்றுவிட்டுக் குடிக்க ஒன்றுமில்லாமல் பஞ்சாயத்து அலுவலக வாசலில் படுத்துக் கிடந்த ஒரு வைகாசி மாதத்தில், 'நம்ம ஊர் செங்கமடை' என்ற வாட்ஸ்அப் குழுவில், துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஒருவன், 'எல்லாக் காலத்துக்கும் உங்களுக்குப் பிடித்த படங்களைச் சொல்லுங்கள், ஏன் பிடிக்கும் என்றும் சொல்லுங்கள்' என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போனான்.

முதலில் பதில் சொன்னவர் பள்ளிக்கூடத்து ஆரோக்கியசாமி வாத்தியார். பத்துப் படங்களின் பெயரை அவர் எழுதினார். ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டிராத படங்கள், அதில் ஏழு கடல் கடந்த தேசத்துப் படங்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தது மிக்ஸி ரிப்பேர் செய்கிற தவசி. அவனுக்கு டைப் அடிக்க வராது என்பதால், வீட்டு வாசலில் உட்கார்ந்து பொண்டாட்டி பிள்ளைகள் கேட்க, போனை வாய்க்கு நேரே பிடித்துப் பேசினான். கதாநாயகி ரயிலடியில் கொட்டுகிற மழையில் நின்று கதாநாயகனை வழியனுப்பும் ஒரு படத்தைச் சொல்லி, "எங்கப்பா செத்ததுக்குக்கூட நான் அழல, அந்தச் சீனுக்கு அழுதேன்" என்று முடித்தான். முடித்த அந்த நொடியில் அவன் வீட்டுத் தகரக் கூரையின் மேல், அந்தக் கூரையின் மேல் மட்டும், மழை கொட்டியது.

அது வானத்து மழை மாதிரி இல்லை. ரப்பர் குழாயில் பீய்ச்சியடித்ததுபோலத் தடித்தடியாக விழுந்தது. பின்னால் யாரோ பெரிய விளக்கு பிடித்திருப்பதுபோல ஒவ்வொரு தாரையும் தனித்தனியாக மின்னியது. நாலு நிமிஷம் பத்து விநாடி பெய்துவிட்டு, தூறி ஓய்கிற மரியாதையெல்லாம் இல்லாமல், கத்தரித்ததுபோல நின்றது. தவசியின் பொண்டாட்டி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. குடம், அண்டா, இட்லிச் சட்டி, ரிப்பேருக்கு வந்திருந்த பதினோரு மிக்ஸி ஜார் எல்லாவற்றையும் வாசலில் பரப்பியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அது என்ன படம்டா தவசி?"

ஒரு வாரத்தில் ஊருக்கு அதன் சட்டதிட்டமெல்லாம் பிடிபட்டுவிட்டது. படத்தில் மழை இருக்க வேண்டும். அந்தப் படம் மெய்யாகவே பிடித்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், காதில் வாங்க ஒரு ஆளாவது வேண்டும். பொய் சொன்னால் ஒரு சொட்டும் விழாது. மழைப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, இதுதான் எனக்கு உயிர் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டவர்களெல்லாம் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்துத் திரும்பினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்து மழை சாம்பல் நிறமாக வந்தது, துணி துவைக்க ஆயிற்று. கலர்ப் படத்துத் தண்ணீரில் சோறு வெந்தது, பருப்பு மட்டும் வேகவில்லை. தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து மழைமானியை வைத்துப் பார்த்தார். மானியில் ஒரு சொட்டும் ஏறவில்லை. 'மழையளவு பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டு, தலையைத் துவட்டிக்கொண்டு போனார்.

இதனால் ஊரில் சில பேருக்கு மானம் போயிற்று. ரசிகர் மன்றத் தலைவர் ரத்தினவேலு தன் நடிகரின் முகத்தை முழங்கையில் பச்சை குத்தியிருந்தவர். அந்த நடிகரின் படங்களில் மழை உள்ள பதினேழையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார், வாசல் காய்ந்தே கிடந்தது. ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, எதிர் நடிகரின் படம் ஒன்றில் குடை பறந்து போகிற காட்சியைப் பற்றி, "அத மட்டும் ஒத்துக்கிடணும்யா" என்று வாய் தவறிச் சொன்னார். டீக்கடையே நனைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ மன்றத்தை அன்றைக்கே கலைத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார், கையில் அந்த முகத்தோடேயே. மேடைதோறும் சாமி இல்லை என்று பேசிவந்த இளம்பரிதியின் வீட்டில் ஒரு அம்மன் படத்து மழை வேப்பிலையோடு சேர்ந்து விழுந்தது. அவர் வேப்பிலையை வடிகட்டிவிட்டு, "தண்ணிக்கு ஏதுய்யா மதம்?" என்றார். கல்யாணத் தரகர்கள் பக்கத்து ஊர்களில், "பையனுக்குப் பிடிச்ச படத்துல மழை உண்டா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆரோக்கியசாமி வாத்தியார் மட்டும், தனக்குப் பிடித்த படங்களில் வருவது பனி என்றும், அதற்குச் செங்கமடையின் தட்பவெப்பம் ஒத்துவராது என்றும் சொல்லிவந்தார்.

ஆனால் பிடித்தது என்பது கிணறு இல்லை, இறைக்க இறைக்க ஊறுவதற்கு. சொல்லச் சொல்ல அது தேய்ந்தது. தவசி ரயிலடிக் காட்சியை அறுபதாவது தடவை சொன்னபோது கூரையில் பொரிகடலை விழுந்ததுபோல நாலு சத்தம்தான் கேட்டது. "இப்பல்லாம் அந்தச் சீன நெனச்சா ரயிலு எத்தன மணிக்குன்னுதான் தோணுது" என்றான். ஆடி பிறப்பதற்குள் ஊரில் அத்தனை பேருடைய படமும் வற்றிவிட்டது. எதுவும் பிடிக்காத மனுசர்களாக, காலிக் குடங்களோடு, அவர்கள் மறுபடியும் சாத்தையாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

சாத்தையா பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். குழாய் வால்வைத் திறக்கிற இரும்புச் சாவி அவரிடம்தான் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருவில் வந்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள், வாசலில் நாற்காலி போடுவார்கள். இரண்டு மாதமாக அவரை யாரும் சீண்டவில்லை. இப்போது நாற்காலிகள் திரும்பி வந்தன. தண்ணீர்தான் வரவில்லை.

சாத்தையாவின் மனைவி முத்திருளாயி. நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். அவள் படமே பார்க்கமாட்டாள் என்பது ஊரறிந்த சங்கதி. டிவியில் மழைப் பாட்டு ஏதாவது வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஆகவே அவளிடம் யாரும் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள், செல்லக்கிளி. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில் செத்துப் போனாள். வயிற்றுவலி பொறுக்காமல் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. அந்தப் பக்கத்தில் வயதுப் பெண்களுக்கு அடிக்கடி வருகிற வயிற்றுவலிதான் அது. பாய் சுருட்டுவதற்குள் எல்லாருக்கும் விவரம் தெரிந்திருந்தது, எல்லாரும் வயிற்றுவலி என்றே சொன்னார்கள். சாத்தையா செல்லக்கிளிக்கு முறைமாப்பிள்ளை. அவள் போன மூன்றாவது தை மாதத்தில், பேசி வைத்த சீர் வீணாக வேண்டாம் என்று முத்திருளாயியை அவருக்குக் கட்டிவைத்தார்கள். அந்த வீட்டில் அவள் சோறு பொங்கினாள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தாள், எதற்கும் குறை சொன்னதில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அது வயிற்றுவலி இல்லை என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். அதற்காக அவள் ஒவ்வொரு வருஷமும் செல்லக்கிளிக்குப் படையல் போடும்போது வந்தவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் பலகாரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள்.

ஆடி மாதத்துப் பகல் ஒன்றில், சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் பஞ்சவர்ணம் சும்மா வாயைக் கிளறினாள்.

"ஏன் மதினி, மெய்யாவே ஒரு படங்கூடப் பாத்ததில்லையா? பொறந்ததுல இருந்து?"

"ஒண்ணு பாத்தேன்."

"அடி ஆத்தாடி. கல்லுக்குள்ள ஈரம் இருக்கே. என்ன படம்?"

"ஏழு கடல் சீதனம். அக்கா கூட்டிட்டுப் போனா."

"பிடிச்சிருந்துச்சா?"

முத்திருளாயி ஒரு முட்டையை உரித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ம்" என்றாள். அவ்வளவுதான், ஏன் என்றுகூடச் சொல்லவில்லை. சத்துணவுக் கூடத்தின் மேலும் பள்ளிக்கூடத்து மைதானத்தின் மேலும் அதைத் தாண்டி மாரியம்மன் கோயில் வரைக்கும் மழை இறங்கியது. மற்றவர்களின் படமெல்லாம் அவரவர் கூரையோடு நின்றது. இவளுடையது தெருத்தாண்டிப் பெய்தது. பஞ்சவர்ணம் சாம்பார் வாளியைக் கவிழ்த்துக் கழுவி மழையில் வைத்துவிட்டு, ஈரத்தோடு தெருவில் ஓடினாள்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்துத் தலைவர் பூமிநாதன் வந்தார். அறுபதை நெருங்கியவர், சாத்தையாவுக்குச் சிநேகிதர். ஒரு காலத்தில் வேன் வைத்து ஓட்டியவர்.

"தங்கச்சி, ஊரே உன் கையில இருக்கு. நாளைக்கு நாலு மணிக்கு மைதானத்துல மைக் செட் போடுறேன். அந்தப் படத்தக் கொஞ்சம் சொல்லிரு."

"அவளுக்குப் பேச வராது தலைவரே" என்றார் சாத்தையா.

"கதை சொல்ல என்னப்பா பேச்சு?"

அவர் போனபின் சாத்தையா வால்வுச் சாவியைச் சுவரில் சாத்திவிட்டு, அவளைப் பார்க்காமல் பேசினார்.

"வேற படம் ஏதாச்சும் சொல்லு."

"வேற படம் பாக்கல மச்சான்."

"அப்ப பாட்ட மட்டும் சொல்லிட்டு இறங்கிரு. மத்தது என்னத்துக்கு?"

"மத்ததுன்னா எது மச்சான்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீரில்லாத தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் நாலு மணிக்கு, குடங்கள் வரிசைகட்டி நிற்க, முத்திருளாயி மைக்கின் முன்னால் நின்றாள். ஊர் நினைத்ததற்கு மாறாக அவளுக்கு நன்றாகவே பேச வந்தது. டவுன் தியேட்டரில் மேட்னி ஷோ, பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, அக்கா தக்காளிச் சிவப்பில் தாவணி போட்டிருந்தாள், எனக்குப் பதினைந்து வயது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இடைவேளையில் அக்கா, முறுக்கு வாங்கிவருகிறேன், இடத்தைப் பார்த்துக்கொள் என்று எழுந்து போனாள். இடைவேளை முடிந்ததும் மழைப் பாட்டு வந்துவிட்டது. கதாநாயகி உழுத வயலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் ஓடுகிறாள். அக்கா இன்னும் வரவில்லை.

"அய்யோ, இவ்வளவு நல்ல பாட்ட அக்கா பாக்கலையேன்னு இருந்துச்சு. வந்ததும் அவளுக்குச் சொல்லணும்னு ஒண்ணு விடாமப் பாத்தேன். எந்த இடத்துல சிரிக்கிறா, எந்த இடத்துல வழுக்குறா, பாவாடையில எத்தன சேத்துப் பொட்டு, எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கேன். அதான் எனக்கு அந்தப் படம் பிடிக்கும்."

மழை ஊர் முழுக்கப் பெய்தது. கோயிலும் காலனியும் சுடுகாடும் ஒன்றாக நனைந்தன. இப்படி எட்டு நாள் அவள் சொன்னாள். எட்டு நாளும் ஊர் குடித்தது, குளித்தது, ஆடு மாடுகளைக் கழுவியது. மூன்றாவது நாளிலிருந்தே கூட்டத்துக்குக் கதை மனப்பாடமாகிவிட்டது. முறுக்கு வாங்கப் போகிற இடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும், மற்றதெல்லாம் வளவளவென்று இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். ஒன்பதாவது நாள் மழை மெலிந்தது. பத்தாவது நாள் மண்ணில் புள்ளி குத்தியதோடு சரி.

"என்ன மதினி, உனக்கும் தீந்துபோச்சா?" என்றாள் பஞ்சவர்ணம், கொஞ்சம் கோபமாகவே.

"தீரல. நான் முழுசாச் சொல்லல."

மைக்கில் சொன்னதால் அது எல்லாருக்கும் கேட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் எப்படிப் பெய்யும், பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கிறதே, இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாளே என்று ஆளுக்கொன்று பேசினார்கள்.

"மிச்சத்தச் சொல்றேன்" என்றாள் முத்திருளாயி. "ஒரு ஒப்பந்தம். சொல்லி முடிச்சதும், எங்க வீட்டுக்காரரும் பூமிநாதன் அண்ணனும் எந்திரிச்சு நின்னு ஆமான்னு சொல்லணும். அப்பத்தான் சொல்வேன்."

அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. பூமிநாதன் சிரித்துப் பார்த்தார். "என்ன தங்கச்சி, குடிதண்ணிக்குக் கூடுன இடத்துல போயி..." என்று இழுத்தார். பெண்கள் வரிசையிலிருந்து அவருடைய மனைவியே குரல் கொடுத்தாள்.

"ஆமான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன கேடு? வீட்டுல காலு கழுவத் தண்ணி இல்ல."

"சொல்லிருங்க தலைவரே, ரெண்டெழுத்துதானே" என்றான் தவசி. "சாத்தையாண்ணே, நீங்களும் சொல்லிருங்க. பெறகு அவங்கவங்க வீட்டுக்குப் போவோம்."

சாத்தையா கூட்டத்தைப் பார்த்தார். பத்து நாளுக்கு முன் அவருக்கு நாற்காலி போட்ட பெண்கள் காலிக் குடங்களைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை ஆட்டினார்.

முத்திருளாயி சொன்னாள். முறுக்கு வாங்கப் போகும்போது அக்கா இன்னொன்றும் சொன்னாள்: 'நான் வர நேரமானா நீ பாட்டுக்குப் பஸ் ஏறிப் போயிரு, யாராச்சும் கேட்டா தெக்குப் பஸ்ல போனேன்னு சொல்லு.' வளையல் வாங்கத்தான் போகிறாள், அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க அப்படிச் சொல்கிறாள் என்று முத்திருளாயி நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கன்னத்தில் அறைந்து, எங்கே போனாள் என்று கேட்டார். அவள் அக்காவைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள். வாயில் வந்தது, "தெக்குப் பஸ்ல போனதாச் சொல்லச் சொன்னா அப்பா" என்பது. அந்த ஒரு வார்த்தை கூடிப்போயிற்று. 'சொல்லச் சொன்னாளா' என்று கேட்டுவிட்டு, அப்பா, சாத்தையா, பூமிநாதன் மூன்று பேரும் வேனை வடக்கே திருப்பினார்கள். ரோடு பிரிகிற வடக்கு விலக்கில், சினிமா போஸ்டர் ஒட்டுகிற காலனிப் பையன் சந்தனராசுவோடு அக்கா நின்றிருந்தாள். அவனை அங்கேயே என்ன செய்தார்கள் என்பது முத்திருளாயிக்குத் தெரியாது. அக்காவை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"அக்காவுக்கு வயித்துவலி இல்ல. அவ தானாக் குடிக்கவுமில்ல. கதவு இடுக்கு வழியா நான் பாத்துக்கிட்டிருந்தேன். மச்சான் கையப் பிடிச்சாரு. பூமிநாதன் அண்ணன் காலப் பிடிச்சாரு. எங்கப்பா ஊத்துனாரு. அவளுக்கு அந்தப் பாட்டச் சொல்லணும்னு நான் வச்சிருந்தேன். சொல்லல."

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஆமா" என்றார் சாத்தையா. ரேஷன் கடையில் பெயர் வாசித்தால் குரல் கொடுப்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"ஆமா, ஆமா" என்றார் பூமிநாதன், ஒன்றுக்கு இரண்டாக.

முப்பத்தோரு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது. இவ்வளவு லேசான வார்த்தை என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்த வார்த்தை வந்து விழுந்த பிறகு பூமி பிளக்கும் என்றோ, ஊர் அந்த இருவரை விட்டு ஒரு அடி தள்ளி நிற்கும் என்றோ, குறைந்தபட்சம் ஒரு பெண்ணாவது வாயைப் பொத்திக்கொள்வாள் என்றோ அவள் நம்பியிருந்தாள். மழைதான் வந்தது. நாலு நிமிஷக் கணக்கெல்லாம் இல்லாமல், பின்னால் விளக்கு எதுவும் இல்லாமல், மூன்று மணி நேரம் இருட்டிக்கொண்டு பெய்தது. ஊருணி நிறைந்து மறுகால் பாய்ந்தது. குடத்தடியில் சண்டை வந்தது, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது, ஆரோக்கியசாமி வாத்தியார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாளி சுமந்தார். பஞ்சவர்ணம் அவளைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்றாள்.

"மதினி, நீ ஒரு குடங்கூட வைக்கலையே? என்னோடத ஒண்ணு எடுத்துக்கிடுறியா?"

வீட்டுக்கு வந்த சாத்தையா தலையைத் துவட்டிக்கொண்டே, "சட்டையெல்லாம் ஒரே ஈரம். அந்த நீலக்கரை வேட்டி எங்க இருக்கு?" என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

விடிந்ததும் காயாத சேலையோடு முதல் பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து, வழக்கமாகச் செய்வதுபோல, பாட்டை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். கதாநாயகி எங்கே வழுக்கினாள் என்று ஞாபகம் வரவில்லை. அக்காவின் தாவணி என்ன நிறம் என்று யோசித்தாள். மைக்கில் பத்துத் தடவை சொன்ன நிறம்தான், வார்த்தை இருந்தது, நிறத்தைக் காணோம். அதோடு நினைப்பதை நிறுத்திக்கொண்டு, காவல் நிலையத்துக்குப் போய், மனு எழுதிக் கொடுத்தாள். சாட்சி யார் என்று கேட்டதற்கு, "ஊரே கேட்டுச்சு சார். ரெண்டு பேரும் மைக் முன்னால ஒத்துக்கிட்டாங்க" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், வேறு மாவட்டம். அவளை ஸ்டேஷனிலேயே உட்காரவைத்துவிட்டு ஜீப்பில் செங்கமடைக்குப் போனார். ஊருணிக் கரையில் ஊர் மொத்தமும் துணி துவைத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பஞ்சவர்ணம்தான் சிரித்தாள்.

"அது படக் கதை சார். அதுக்குப் பிடிச்ச படத்தோட கதைய எங்களுக்குச் சொல்லிச்சு. தெனமும் நாலு மணிக்குச் சொல்லும்."

"ரெண்டு பேர் ஆமான்னு சொன்னாங்களாமே?"

"கதை கேட்டா 'ம்' கொட்ட ஆள் வேணாமா சார்?" என்றான் தவசி.

கூட்டத்தில் இருந்த ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அவர்களை யாரும் மிரட்டவும் இல்லை, கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. ஊருணி நிறைந்து கிடந்தது, அவ்வளவுதான். ஆரோக்கியசாமி வாத்தியார் மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார். மனதுக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள், ஒரு கட்டத்தில் அது தங்கள் வாழ்க்கையிலேயே நடந்ததாக நம்பத் தொடங்கிவிடுவார்கள், உலகமெங்கும் நல்ல ரசிகர்களுக்கு இது நேர்வதுதான் என்றார். சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பூமிநாதன் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஜீப் கிளம்பும்போது, சாத்தையா தோளில் இரும்புச் சாவியோடு வந்து, "அவளப் பத்திரமா பஸ் ஏத்தி விட்டுருங்க சார், நேத்துல இருந்து சாப்பிடல" என்று சொன்னார்.

ஸ்டேஷனில் மனுவை முடித்துவைக்கும் வேலை ரைட்டருக்கு வந்தது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்த மனிதர், கெட்டவர் இல்லை. முத்திருளாயிக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். 'மனுதாரர் தனக்குப் பிடித்த திரைப்படத்தின் கதையைக் கூறியதாகவும்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"படத்துப் பேரு என்னம்மா? பேரு போடணும்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"செல்லக்கிளி."

"செல்லக்கிளி..." என்று அவர் எழுதினார். "நானும் அந்தக் காலத்துல ஒரு படம் விடாமப் பாத்தவன்தான். கேள்விப்பட்டதே இல்லையே. படம் ஓடுச்சா?"

"ஓடுச்சு சார்" என்றாள் முத்திருளாயி. "வடக்கு விலக்கு வரைக்கும் ஓடுச்சு. அங்க வச்சுப் பிடிச்சிட்டாங்க."